எச்ஐவி கூடாரத்துக்கு மட்டும் ஏன் யாரும் வரவில்லை?

கேள்வி: வணக்கம் சிஸ்டர். தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் இளைஞர் குழுவுக்கு நான் செயலாளர். வயது 34. போன நவம்பரில் ஆண்களுக்காக ஒரு மருத்துவ முகாம் நடத்தினோம். பிரஷர், சுகர் பார்க்க கேட் வரைக்கும் வரிசை நின்றது. எச்ஐவிக்கென்று மைதானத்தின் மூலையில் தனியாக ஒரு கூடாரம் போட்டிருந்தோம். அதற்குள் போனவர்கள் ஆறே பேர். அதில் ஒரு பையன் கலங்கிய கண்ணோடு வெளியே வந்ததை நாலு பேர் பார்த்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரு முழுக்கப் பேச்சு. அவன் இப்போது கோயில் பக்கமே வருவதில்லை. "இந்த வருஷம் அந்தக் கூடாரமே வேண்டாம், சாமி இருக்கிற இடத்தில் செக்ஸ், போதைப் பேச்செல்லாம் எதற்கு" என்கிறார்கள் கமிட்டிப் பெரியவர்கள். மதில் ஓரம் உட்காரும், சுகர்ஸ் என்ற போதைத்தூளுக்கு அடிமையான பையன்களை முகாம் அன்று விரட்டிவிட வேண்டுமாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. எப்படிச் செய்தால் ஆண்கள் வருவார்கள்?

பதில்: வணக்கம் தம்பி. முகாமுக்கு முன் அந்தப் பையனைப் பற்றிப் பேசுவோம். அவன் ஏன் அழுதான் என்பது உங்களில் யாருக்கும் தெரியாது. நெகட்டிவ் என்று கேட்டதும், மாதக்கணக்கில் அடக்கி வைத்த பயம் உடைந்து அழுகிற ஆண்கள் உண்டு. வேறு எதையோ வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் சொல்லிவிட்டு அழுகிறவர்களும் உண்டு. ஊர் கண்ணீரைப் பார்த்தது, நோயின் பெயரை அதுவே எழுதிக்கொண்டது. கமிட்டியாகத் திரண்டு அவன் வீட்டுக்குப் போகாதீர்கள். நாலு பேர் செருப்பு வாசலில் கிடந்தால் அக்கம்பக்கத்துக்கு அதுவே ஊர்ஜிதமாகிவிடும். நீங்கள் ஒருவர் மட்டும், வீட்டுக்கு வெளியே எங்காவது சந்தித்து, "கூடாரத்தை அந்த இடத்தில் போட்டது எங்கள் தப்பு தம்பி, மன்னித்துக்கொள்" என்று சொல்லுங்கள். ரிசல்ட் என்ன என்று கேட்காதீர்கள். அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யாரிடமாவது பேச வேண்டும் என்றால் தேசிய எய்ட்ஸ் உதவி எண் 0800 012 322. கட்டணம் கிடையாது, பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை.

இன்னொன்றும் உடனே செய்யுங்கள். போன வருடம் வந்தவர்களின் பெயர், போன் நம்பர், எந்தக் கூடாரத்துக்குப் போனார்கள் என்று எழுதிய நோட்டு ஏதாவது கோயில் அலமாரியில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை வைத்திருக்க உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. உடல்நலத் தகவல் இந்த நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் தனிக் கவனத்தோடு காக்க வேண்டிய வகை; கோயில் கமிட்டிக்கும் அது பொருந்தும். நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் கடமையைத் தேசிய சுகாதாரச் சட்டம் 2003 மருத்துவப் பணியாளர் மேல் சுமத்துகிறது. நோட்டை எரித்துவிடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. சுகர் பார்க்க விரலை நீட்டியவர்கள் எல்லாரும் ஊசிக் குத்தை வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். எச்ஐவி சோதனைக்கும் அதே விரல், அதே குத்து, அதே ஒரு சொட்டு ரத்தம். ஊசிக்கு அவர்கள் பயப்படவில்லை. மூலையில் தனியாக நின்ற அந்தக் கூடாரத்துக்கு நடந்து போகும் முப்பது அடியைத்தான் அவர்களால் கடக்க முடியவில்லை. வரிசையில் நின்ற மாமாவும் பெரியப்பாவும் பார்த்துக்கொண்டிருக்க அந்தப் பக்கம் திரும்புகிறவன், வாயைத் திறக்காமலே ஒரு வாக்குமூலம் கொடுத்துவிடுகிறான். ஆகவே தனிக் கூடாரம் வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னதில் பாதி சரி. கூடாரத்தை எடுத்துவிடுங்கள், சோதனையை எடுக்காதீர்கள்.

மைதானத்தை விட்டுவிட்டு, ஞாயிறு தமிழ் வகுப்பு நடக்கும் அறைகளையும் மண்டபத்தையும் பயன்படுத்துங்கள். வருகிற ஒவ்வொரு ஆணும் ஒரே வாசலில் நுழைந்து, பெயருக்குப் பதில் ஒரு எண் வாங்கி, மண்டபத்தில் பிரஷர், எடை, இடுப்புச் சுற்றளவு முடித்து, அடுத்து ஒரு மூடிய அறைக்குள் போக வேண்டும். அந்த அறையில் ஒரு நர்ஸ் அல்லது பயிற்சி பெற்ற கவுன்சிலர் மட்டும். ரத்தச் சர்க்கரை, எச்ஐவி, சிபிலிஸ், குடி, போதை, படுக்கை விஷயம் எல்லாம் அங்கேதான். எச்ஐவி வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அது அவர் உரிமை, வற்புறுத்தக் கூடாது. ஆனால் அவரும் அதே அறையில் அதே நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வர வேண்டும். அந்த நேரத்தில் அவருடைய சுகரையும் சாப்பாட்டையும் பற்றிப் பேசலாம். ஐந்து நிமிடத்தில் வெளியே வருகிறவரும் நாற்பது நிமிடம் கழித்து வருகிறவரும் இருந்தால் வெளியே இருக்கிறவர்கள் கணக்குப் போட்டுவிடுவார்கள். அறைக்கு இரண்டு கதவு இருந்தால் நுழைவது ஒன்றில், வெளியேறுவது இன்னொன்றில். வெளியேறும் கதவு நேரே வரிசைக்குத் திரும்பாமல் வண்டி நிறுத்தும் பக்கம் போகட்டும். போகும்போது எல்லார் கையிலும் ஒரே மாதிரி பழுப்பு நிறக் கவர். உள்ளே ஒருவருக்கு பிரஷர் அட்டை மட்டும் இருக்கும், இன்னொருவருக்கு கிளினிக் கடிதம் இருக்கும். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியக் கூடாது. எய்ட்ஸ் விழிப்புணர்வின் அடையாளமான சிவப்பு ரிப்பனை ஒரு கதவில் மட்டும் கட்டாதீர்கள். கட்டுவதானால் கேட்டிலிருந்து டீ மேசை வரை கட்டுங்கள்.

அந்த அறைக்குள் உங்கள் ஆட்கள் யாரும் இருக்கக் கூடாது. எண் கொடுக்கும் மேசையிலும் கூடாது. உங்கள் எண்ணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சாட்ஸ்வொர்த்தில் ஒவ்வொரு கமிட்டி உறுப்பினரும் யாருக்காவது சித்தப்பா, யாருக்காவது மச்சான். நாற்காலி, டீ, வண்டி நிறுத்தம், கழிவறைச் சுத்தம் உங்களுடையது. பதிவும் சோதனையும் வேறு வட்டாரத்திலிருந்து வரும் கிளினிக் ஆட்களுடையது. நகராட்சி கிளினிக்கிலோ எச்ஐவி சோதனை செய்யும் தொண்டு நிறுவனத்திலோ குறைந்தது இரண்டு மாதம் முன்பே கேளுங்கள். ஜூலு பேசுகிற ஒருவரையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் தெருவில் இருக்கிறவர்கள் எல்லாரும் தமிழர் இல்லை, கதவு எல்லாருக்கும் திறந்திருந்தால்தான் உங்கள் ஆட்களும் கூட்டத்தோடு கூட்டமாக வர முடியும்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலான முகாம்கள் இதில்தான் கவிழ்கின்றன. சம்மதம் கேட்டு, விளக்கி, சோதித்து, முடிவு சொல்லி முடிக்க ஒரு ஆளுக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு கவுன்சிலர் ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர், கூடிப்போனால் மூன்று பேர். காலை 7 முதல் மதியம் 1 வரை ஆறு மணி நேரத்தில் நடுவே மூச்சுவிட இடைவேளையும் கொடுத்தால் 12 பேர்தான் நியாயம். அறுபது ஆண்கள் வருவார்கள் என்றால் ஐந்து கவுன்சிலர், ஐந்து மூடிய அறை. ஒரே ஒருவரை வைத்துக்கொண்டு இருநூறு பேரை அழைத்தால் பேச்சு சுருங்கும், கதவு திறந்தபடியே வேலை நடக்கும், அப்புறம் அந்தப் பையனுக்கு நடந்தது இன்னொருவனுக்கும் நடக்கும். அறுபது பேருக்கு மேல் வருவார்கள் என்றால் இரண்டு நாளாகப் பிரியுங்கள். வார நாள் கிளினிக்குக்குப் போனால் தொழிற்சாலை வேலைக்காரருக்கு அன்றைய கூலி போய்விடும். அதனால்தான் பாதிப் பேர் கிளினிக் பக்கம் தலை வைப்பதில்லை. ஒரு நாள் சனிக்கிழமைக் காலை, இன்னொரு நாள் வெள்ளி சாயங்காலம் என்று வையுங்கள்.

சோதனைகளில் என்ன தவறும் என்று சொல்கிறேன், அன்று நீங்களே கண்காணிக்கலாம். பிரஷர் பார்க்குமுன் ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால் தரையில் பட, பேசாமல் உட்கார வேண்டும். அரை மணிக்குள் சிகரெட்டோ காப்பியோ கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் எண் ஏறும். பெரிய தோள் உள்ளவருக்குச் சின்னக் கைப்பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷர் இருப்பதாகக் காட்டும், ஆகவே மேல்கை சுற்றளவு 32 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரிய பட்டை. இரண்டு தடவை பாருங்கள். 140க்கு 90 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு நாள் மறுபடி பார்க்கக் கடிதம். 180க்கு 110ஐத் தொட்டு, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், தலை வெடிக்கும் வலி ஏதாவது இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

சர்க்கரைக்கு விரல் குத்துமுன் கையை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். பிரசாதம் சாப்பிட்ட விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரைப் பொங்கலே மீட்டரை எகிற வைத்துவிடும். பிரசாதத்தை சோதனைக்குப் பிறகு வையுங்கள். ஸ்ட்ரிப் டப்பாவை ஒவ்வொரு தடவையும் மூட வேண்டும், டர்பன் ஈரக் காற்று ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும். வெறும் வயிற்றில் 7.0, எப்போது பார்த்தாலும் 11.1 மில்லிமோல் என்பவை நீரிழிவைக் காட்டும் எல்லைகள். முகாமில் பார்த்த ஒரு எண்ணை வைத்து முடிவு சொல்லாமல் கிளினிக்கில் உறுதி செய்யட்டும். காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களில் முகாம் வைக்காதீர்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிற ஆள் விரதத்தில் இருந்தால் சர்க்கரை 4க்குக் கீழே இறங்கலாம். வியர்த்து, கை நடுங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். சுயநினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

எச்ஐவி விரைவுச் சோதனைக் கிட்டை வெப்பம் கெடுக்கும். பெட்டியில் போட்டிருக்கும் உச்சவரம்பு பெரும்பாலும் 30 டிகிரி. கோடையில் மூடிய காரின் பின்புறத்தில் வைத்த பெட்டி அதை அரை மணியில் தாண்டிவிடும். கிளினிக் வண்டி வந்ததும் பெட்டியை நிழலான அறைக்குள் எடுத்து வைக்க ஒருவரை நியமியுங்கள். முடிவைப் பெட்டியில் அச்சிட்ட நேரத்துக்குள்தான் படிக்க வேண்டும். அதற்கு முன்பும் தப்பு, அதற்கு மிஞ்சியும் தப்பு. முதல் சோதனை பாசிட்டிவ் காட்டினால் அது முடிவாகாது, வேறு தயாரிப்புக் கிட்டால் உறுதி செய்த பிறகுதான் சொல்ல வேண்டும். நெகட்டிவுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: விரல் சொட்டுச் சோதனை கடைசி மூன்று மாதத்தில் தொற்றியதைத் தவறவிடலாம். "நேற்று முன்தினம் ஆணுறை கிழிந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு வேண்டியது சோதனை மட்டுமல்ல, தொற்றுக்குப் பின் உடனே தொடங்கும் தடுப்பு மருந்து. பெப் என்பார்கள். 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல். முகாம் முடியட்டும் என்று அவரை உட்கார வைக்காதீர்கள். அந்த நிமிடமே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

எல்லாவற்றையும் ஒரே அறையில் வைக்கச் சொல்வதற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. உடம்பு ஒன்றுதான். நம் ஆண்களுக்கு நீரிழிவு அதிகம். ரத்தக்குழாயையும் நரம்பையும் அது அரிக்கும்போது பலருக்கு முதலில் தெரிவது விறைப்புக் குறைவதுதான். இதய நோய்க்கும் அது முன்னறிவிப்பாக இருக்கலாம். அதை டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு, சீட்டில்லாமல் கிடைக்கிற வீரிய மாத்திரையை வாங்கிப் போடுகிறார்கள். நெஞ்சுவலிக்காக நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை பயன்படுத்துகிறவர் அதைப் போட்டால் ரத்த அழுத்தம் தரைமட்டமாகி உயிரே போகலாம். பார்ட்டிகளில் மோந்து பார்க்கும் பாப்பர்ஸ் குப்பிக்கும் இதே ஆபத்து, அதுவும் ரத்த அழுத்தத்தை அதே மாதிரி இறக்கும்.

இன்னொன்று. அரசு கிளினிக்குகளில் எச்ஐவிக்கு இன்று இலவசமாகக் கொடுக்கும் ஒரு நாளைக்கு ஒரு மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்ற மருந்து இருக்கிறது. நீரிழிவுக்கான மெட்ஃபார்மினை அது உடம்பில் தேங்க வைக்கும். இரண்டையும் எடுக்கிறவர் மெட்ஃபார்மினை 500 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளைக்கு மேல் எடுக்கக் கூடாது. சுகருக்கு ஒரு டாக்டர், எச்ஐவிக்கு வேறு ஊரில் ரகசியமாக ஒரு கிளினிக் என்று ஓடுகிறவரிடம் இதை யார் கவனிப்பார்கள்? ஆகவே பாசிட்டிவ் வந்தவரிடம் கவுன்சிலர் சொல்ல வேண்டிய முதல் நான்கு விஷயம்: மருந்து இலவசம், உறுதியானதும் பெரும்பாலானோர் அன்றே தொடங்கலாம், ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்துவிட்டால் உடலுறவில் துணைக்குத் தொற்றாது, நீங்கள் சாப்பிடும் வேறு எல்லா மருந்தையும் கிளினிக்கில் காட்டுங்கள். மனைவியிடம் இன்றே சொல்லிவிடு என்று நெருக்கக் கூடாது. எப்படிச் சொல்வது, கிளினிக் எப்படி உதவும் என்று பேசித் திட்டம் போட வேண்டும். வீட்டில் அடிதடி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அந்தத் திட்டம்.

நெகட்டிவ் என்று வந்தும் அடிக்கடி ஆபத்தில் இருக்கிறவருக்கு, தொற்றுக்கு முன்பே சாப்பிட்டு எச்ஐவியைத் தடுக்கும் பிரெப் மாத்திரை உண்டு. தொடங்குமுன் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சிறுநீரகம் பார்ப்பார்கள். ஆணோடு உறவு கொள்ளும் ஆணுக்குத் தினம் ஒன்று வீதம் ஏழு நாள் ஆனால் முழுப் பாதுகாப்பு என்று கணக்கு. பிரெப் எச்ஐவியை மட்டும் தடுக்கும். வெட்டை, சிபிலிஸ் இவற்றுக்கு ஆணுறைதான். ஆணுறையைப் பற்றி நம் வீடுகளில் யாரும் சொல்லித் தராத ஒரு விஷயம்: தேங்காய் எண்ணெயும் வாஸ்லினும் லேடெக்ஸைச் சில நிமிடத்தில் பலவீனமாக்கிக் கிழித்துவிடும். தண்ணீரில் கரையும் ஜெல்தான் பயன்படுத்த வேண்டும். அரசின் இலவச ஆணுறையையும் ஜெல்லையும் டீ மேசையில் பரப்பினால் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள். கழிவறை ஒவ்வொன்றின் உள்ளேயும், தாழ்ப்பாள் போட்ட பிறகு கை எட்டுகிற இடத்தில், ஒரு பெட்டி வையுங்கள். சாயங்காலம் பெட்டி காலியாக இருக்கும்.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் பாதி வேலை. "உங்களுக்குத் தப்புப் பழக்கம் எதாவது உண்டா?" என்று கேட்டால் இல்லை என்பதுதான் பதில். "இதை இன்று எல்லாரிடமும் கேட்கிறோம், விருப்பமில்லாததற்குப் பதில் சொல்ல வேண்டாம்" என்று தொடங்கி, "கடந்த ஆறு மாதத்தில் நீங்கள் உறவு வைத்துக்கொண்டது பெண்களோடா, ஆண்களோடா, இரண்டு பேரோடுமா?" என்று, பிரஷர் மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்கிற அதே குரலில் கேட்க வேண்டும். தாலி கட்டியவர், பேரன் எடுத்தவர், மாலை போட்டவர் எல்லாரிடமும் ஒரே வாக்கியம். ஒருவர் ஆணோடு உறவு என்று சொன்னால் அதற்கு அவருக்கு ஒரு பெயர் சூட்ட வேண்டியதில்லை; என்ன சோதனை கூடுதலாக வேண்டும் என்பதுதான் அந்தப் பதிலின் பயன். பாலியல் ஈர்ப்பைக் காரணம் காட்டி யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்று 1996 அரசியல் சாசனத்திலேயே இந்த நாடு எழுதி வைத்திருக்கிறது. ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கிய சட்டத்தை அரசியல் சாசன நீதிமன்றம் 1998-இல் தூக்கி எறிந்துவிட்டது. நம் வீட்டுக் கூடத்தில்தான் அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை.

குடியை "நிறைய குடிப்பீர்களா" என்று கேட்காதீர்கள், எல்லாரும் "கொஞ்சம்தான்" என்பார்கள். வாரத்தில் எத்தனை நாள், அன்று எத்தனை, ஒரே தடவையில் ஆறோ அதற்கு மேலோ எத்தனை முறை என்று மூன்று கேள்வி. 750 மில்லி பீர் குவார்ட் இங்கே கணக்கில் ஒன்று இல்லை, ஏறத்தாழ இரண்டரை. 200 மில்லி பிராந்தி நிப் ஐந்துக்கும் மேல். தினமும் காலையிலிருந்தே குடிக்கிற ஒருவரிடம் "இன்றோடு விட்டுவிடுங்கள்" என்று சத்தியம் வாங்கி அனுப்பாதீர்கள், அதுவும் சாமி முன்னால் வாங்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதை ஒட்டி மனக்குழப்பமும் நடுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவ மேற்பார்வையில் விட வேண்டிய பழக்கம் அது.

படிவத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை: நீரிழிவை "சுகர்" என்று எழுதாதீர்கள். சாட்ஸ்வொர்த்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது: நீரிழிவு ஒன்று, அந்தப் போதைத்தூள் இன்னொன்று. "உங்களுக்கு சுகர் உண்டா" என்ற கேள்விக்கு ஒரு பையன் திடுக்கிட்டு எழுந்து போய்விட்டால் அவனைத் திரும்பப் பிடிக்க முடியாது.

அந்த சுகர்ஸ் பையன்களுக்கு வருகிறேன். சுகர்ஸில் முக்கியமாக இருப்பது தரம் குறைந்த ஹெராயின். மலிவாகக் கிடைப்பதால் பள்ளிப் பிள்ளைகள் கைக்கும் போய்ச் சேர்ந்தது. எச்ஐவி மாத்திரை கலந்தது என்று பரவிய வதந்தியால் மாத்திரையை வைத்திருக்கிறவர்களே வழிப்பறிக்குப் பயந்தார்கள். நிறுத்திய எட்டுப் பன்னிரண்டு மணி நேரத்தில் வயிற்றைப் பிசைவது, எலும்பு வலி, வாந்தி, பேதி என்று தொடங்கும்; தெருவில் ரோஸ்டர் என்பார்கள். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். அந்த வலியைத் தள்ளிப்போடத்தான் திருட்டு, கெஞ்சல், பொய் எல்லாம். அம்மாக்கள் அறையில் போட்டுப் பூட்டுகிறார்கள். அவர்கள் வேதனை புரிகிறது. ஆனால் பூட்டிய அறையில் வாந்தி பேதியால் உடம்பு வற்றிப்போகும். அதைவிடப் பெரிய ஆபத்து கதவு திறந்த பிறகு. ஒரு வாரம் நிறுத்தியதில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிட்டிருக்கும்; வெளியே போய்ப் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். ஜெயிலிலிருந்து வந்தவர்களுக்கும் மறுவாழ்வு இல்லத்திலிருந்து வந்தவர்களுக்கும் முதல் சில வாரம் இதே ஆபத்து. மெத்தடோன் போன்ற மாற்று மருந்தை டாக்டர் கண்காணிப்பில் நீண்ட நாள் எடுப்பது வலியையும் தெருவையும் இந்த மரணத்தையும் குறைக்கும் வழி. டர்பனில் பெல்ஹேவன் என்ற தீங்கு குறைப்பு மையம் 2020 ஊரடங்குக்குப் பிறகு இந்த முறையில் இயங்கத் தொடங்கியது. எங்கே இடம் கிடைக்கும் என்று கேட்க போதைப் பழக்க உதவி எண் 0800 12 13 14, இருபத்து நாலு மணி நேரமும்.

அவர்களை விரட்டாதீர்கள். முகாமில் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே எண்ணை, அதே டீயை அவர்களுக்கும் கொடுங்கள். முதல் நாளே உள்ளே வர மாட்டார்கள். அதற்குத் தண்ணீர் பாட்டிலோடு ஒரு நர்ஸ் மதில் பக்கம் போகட்டும். காலில் புண் இருந்தால் கட்டுப் போடட்டும். இருமல் எத்தனை நாளாக, ராத்திரி வியர்க்கிறதா, எடை குறைந்திருக்கிறதா என்று கேட்கட்டும், ஏனெனில் காற்றில்லாத அறையில் பலர் நெருங்கி உட்கார்ந்து புகைக்கிற இடத்தில் காசநோய் சுலபமாகப் பரவும். புகைக்கிறாயா, ஊசி போடுகிறாயா என்று கேட்கட்டும். ஊசி என்றால் ஹெபடைடிஸ் சி சோதனையும், ஊசியைப் பகிராதே என்ற பேச்சும் சேரும். 1995க்கு முன் பிறந்தவர்களுக்குக் குழந்தையில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வாய்ப்பில்லை என்பதையும் மறக்க வேண்டாம். இது உங்கள் கமிட்டிக்காரர்களுக்கும் பொருந்தும்.

உங்கள் குழுவில் எல்லாரும் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவன் உதடு நீலம் பூத்து, குறட்டை போல மூச்சு இழுத்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, தட்டினாலும் எழுந்திருக்காமல் கிடந்தால் அது தூக்கம் இல்லை. 10177 அல்லது கைபேசியிலிருந்து 112 கூப்பிடுங்கள். மூச்சு நின்றிருந்தால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, ஐந்து நொடிக்கு ஒரு தடவை வாயால் ஊதுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள். தண்ணீர் ஊற்றுவது, அறைவது, பால் புகட்டுவது எதுவும் வேண்டாம்.

சாமி இருக்கிற இடம் என்ற பெரியவர்களின் தயக்கத்தைத் தூக்கி எறியாதீர்கள், அதில் ஒரு மரியாதை இருக்கிறது. கருவறைப் பக்கம் ஒலிபெருக்கியில் ஆணுறை பற்றிப் பேச நானும் சொல்ல மாட்டேன். மூடிய வகுப்பறையில் ஒரு மனிதன் இன்னொருவரிடம் தாழ்ந்த குரலில் பேசுவது எந்தச் சன்னதிக்கும் குறைவில்லை. அப்படியும் ஒப்பவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள்: துனீ சீட்டுப் போட்டி நடக்கும் கிளப், கால்பந்து மைதானத்து உடைமாற்றும் அறை. ஆண்கள் ஏற்கெனவே கூடுகிற இடத்துக்குச் சோதனை போனால் அழைப்பிதழே வேண்டாம். எங்கும் வர முடியாதவருக்கு எச்ஐவி சுயசோதனைக் கிட் உண்டு. ஈறில் தடவுகிற வகை என்றால் அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக் குடிக்கக் கூடாது, முடிவை 20 முதல் 40 நிமிடத்துக்குள் படிக்க வேண்டும், ஏற்கெனவே எச்ஐவி மருந்து சாப்பிடுகிறவருக்குப் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். 45 தாண்டியவர்களுக்கும், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ பிராஸ்டேட் புற்றுநோய் வந்திருந்தால் 40 தாண்டியவர்களுக்கும், பிஎஸ்ஏ ரத்தச் சோதனை பற்றி டாக்டரிடம் பேசச் சொல்லி கவரில் ஒரு சீட்டு வையுங்கள்.

முகாம் முடிந்த அன்று பயன்படுத்திய ஊசிகள் மஞ்சள் டப்பாவில் மூடி கிளினிக் வண்டியிலேயே திரும்ப வேண்டும், கோயில் குப்பையில் ஒன்றுகூட விழக் கூடாது. கிளினிக் கடிதம் வாங்கியவர்களில் நிறையப் பேர் போகாமல் விட்டுவிடுவார்கள். கடிதத்தில் "கிளினிக்குக்குச் செல்லவும்" என்று மட்டும் இருந்தால் அது அலமாரிக்குப் போகும். நாள், மணி, எந்தக் கதவு, எந்த நர்ஸைக் கேட்பது என்று எழுதியிருந்தால் கால் நகரும். சம்மதித்தவர்களுக்கு மூன்றாம் நாள் கவுன்சிலர் போன் செய்வார் என்று முன்பே பேசி வையுங்கள். போனை மனைவியோ மகளோ எடுத்தால் முகாம் என்றோ கிளினிக் என்றோ சொல்லாமல், அவர் தானே தேர்ந்து கொடுத்த ஒரு பெயரைச் சொல்லி, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட வேண்டும். அவரே எடுத்தால், "இப்போது பேச வசதியா?" என்பதுதான் முதல் கேள்வி.